ஜெர்மனி என்று போட்டிருந்த ஸ்பேனர்

மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் கீழே வரவில்லை. மேலேயே சுற்றி மேலேயே தீர்ந்துபோகிறது. சனிக்கிழமை, அரை நாள் ஷிப்ட், எல்லோரும் போய்விட்டார்கள், இந்தப் பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இப்போது நான் ஒருத்திதான். மெஷின்கள் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் காதுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, இருபத்திரண்டு வருஷமாக அது அப்படித்தான், வீட்டில் குக்கர் அடங்கின பிறகும் ஓடும், தூக்கத்திலும் ஓடும். கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெயில் ஒரு பாளமாக இறங்கி மேஜையில் விழுந்திருக்கிறது. அந்தப் பாளத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் முப்பத்திரண்டு எம்எம் ரிங் ஸ்பேனர், இரண்டு துண்டாக. தயிர்சாதம் சாப்பிட்ட கண் செருகுகிறது. செருகும்போது அந்த இரண்டு துண்டும் ஒன்றாகிவிடுகின்றன, திறந்தால் மறுபடி இரண்டு. மேனேஜர் வெள்ளியங்கிரி பன்னிரண்டரைக்கு வாசலில் நின்றபடியே சொன்னார், உள்ளே வரவில்லை, கண்ணைப் பார்க்காமல் சொல்லவேண்டியதை அவர் எப்போதும் வாசலில் நின்றுதான் சொல்வார். “ஏனுங்க மரகதம்மா, அஞ்சு மணிக்கு வர்றேனுங்க. அரைப் பக்கம் எழுதி வெச்சிருங்க. அந்தச் சாமான் எங்க செஞ்சது, எங்கிருந்து வந்துச்சு. நம்ம ஸ்டோர்ஸ் சாமானாட்டம் தெரியலைங்களே? அவரே வெளிய பழைய இரும்புக் கடையில வாங்கினதா இருக்குமுங்க. பார்த்து எழுதுங்க.” பார்த்து எழுதுங்க. பார்த்துவிட்டு எழுது என்றா சொன்னார், சூதானமாக எழுது என்றா?

மூன்று வாரம் ஆகிறது. பிரஸ் மெஷினின் அடிப் போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் முறிந்து ஒரு துண்டு ஃபிட்டர் அல்போன்ஸின் இடது கண்ணில் அடித்தது. சத்தம் இங்கே வரை கேட்டது. இரும்புச் சத்தம்தான், மனுஷச் சத்தம் கேட்கவே இல்லை. நான் ஓடிப்போனபோது அவர் தரையில் உட்கார்ந்து, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, “லைட்டை ஆஃப் பண்ணுங்க, லைட்டை ஆஃப் பண்ணுங்க” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கண் இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போத்தனூரில் வீட்டில் இருக்கிறார். அது அவருடைய சொந்த ஸ்பேனர் என்று நான் எழுதினால் கம்பெனி கை கழுவிவிடலாம், கம்பெனிக்குத் தெரியாமல் வெளிச் சாமானைக் கொண்டுவந்து வேலை செய்தார் என்று அவரையே வெளியே அனுப்பவும் செய்யலாம். ஸ்டோர்ஸ் ஸ்பேனர் என்று எழுதினால் அது என்றைக்கு வந்தது, யார் வாங்கினார்கள், யார் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேள்வி வரும். யார் போட்டார்கள் என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். இந்த ஸ்டோர்ஸில் வேறு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பெட்டியைத் திறந்தேனா? அதுதான் வரமாட்டேன் என்கிறது. பெட்டி நினைவிருக்கிறது, பழுப்பு அட்டைப்பெட்டி, இரண்டு பக்கமும் நீல டேப். கையெழுத்துப் போட்ட பேனா நினைவிருக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய ஒன்று, கத்தரியை எடுத்து டேப்பைக் கிழித்தது, அது இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி மூன்று வாரமாக அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

கவரைப் பிரித்தேன். தண்டில் எம்பி நிற்கிற எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர், அதன் கீழ் சின்னதாக ஜெர்மனி. ஜெர்மனி. சின்ன வயதில் காலண்டரில் பார்த்த பனி விழுந்த ஊர் ஒன்று மனசில் ஜெர்மனி என்று பதிந்துபோயிருக்கிறது, அது ஜெர்மனிதானா என்றுகூடத் தெரியாது, சிவப்பு ஓடு, வெள்ளைத் தெரு, ஒருத்தரும் இல்லாத பாலம். அந்தப் பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு பட்டறை இருக்கிறதாகவும், கையுறை போட்ட ஒரு பெண் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அடுக்குகிறதாகவும் நினைத்துக்கொள்வேன். அவள் திறந்து பார்ப்பாள். அவள் எல்லாவற்றையும் திறந்துதான் பார்ப்பாள். இப்படியே போனால் தூங்கிவிடுவேன். எழுந்து ராக்குக்குப் போனேன். முப்பத்திரண்டு எம்எம் வரிசையில் பதின்மூன்று ஸ்பேனர் தொங்குகிறது, நாலு பழையது, பத்து வருஷத்துக்கு முந்தியது, ஒன்பது போன வருஷத்துப் பெட்டியில் வந்தது. பழையதில் ஒன்றையும் புதியதில் ஒன்றையும் எடுத்து வந்து முறிந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் அதே பெயர், மூன்றிலும் ஜெர்மனி. ஆனால் பழையதில் எழுத்தின் ஓரம் நகத்தில் தட்டுகிறது, கூர்மையாக. மற்ற இரண்டிலும் எழுத்து கொஞ்சம் மழுங்கி, சோப்பில் இருக்கும் எழுத்து நாலு குளியலுக்குப் பிறகு ஆகிற மாதிரி. முதல் எழுத்தின் காலில் ஒரு பரு. முறிந்ததிலும் அதே இடத்தில் பரு, ராக்கில் இருந்த புதியதிலும் அதே இடத்தில் பரு. ஓடிப்போய் மற்ற எட்டையும் இறக்கிப் பார்த்தேன். எட்டிலும் பரு. ஒரே அச்சில் பிறந்த பிள்ளைகள். அப்படியென்றால் அல்போன்ஸ் எங்கிருந்தும் வாங்கிவரவில்லை. இங்கிருந்துதான், இந்த ராக்கிலிருந்துதான், என் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எடுத்துப்போயிருக்கிறார். உள்ளங்கை வேர்த்துவிட்டது. நல்ல நியாயம்தான், ஒரு மனுஷர் மேல் இருந்த பழி இறங்குகிறது, எனக்கு வேர்க்கிறது.

அளந்து பார்த்தேன். பழையது முந்நூற்று நாற்பது எம்எம். புதியது முந்நூற்று முப்பத்தைந்து. எல்லாப் புதியதும் முந்நூற்று முப்பத்தைந்து. ஐந்து எம்எம் எங்கே போயிற்று? கேள்வி கேட்டபடியே உட்கார்ந்திருந்தேன், பதில் எனக்குத் தெரிந்ததுதான், அது வெளியே வருவதற்கு அம்மாவின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அம்மா கணபதியில் ஒரு ஃபவுண்டரியில் மண் அச்சு பிடிக்கிற வேலை செய்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவியும் காது மடலில் கறுப்பு மண் இருக்கும், நான் துண்டின் நுனியைத் திரித்துத் துடைத்துவிடுவேன், கூசும், சிரிப்பாள். ஒரு நாள் கேட்டேன், மர அச்சு பெரிசா இருக்கு, வர்ற சாமான் ஏம்மா சின்னதா இருக்கு என்று. “இரும்பு ஆறுனா சுருங்கும்டி. அதனாலதான் அச்சைக் கொஞ்சம் பெருசாச் செய்யறது. பொருளையே அச்சா வெச்சா பொருளு சிறுத்துப்போகும்” என்றாள். பொருளையே அச்சாக வைத்திருக்கிறார்கள். நிஜமான ஸ்பேனர் ஒன்றை எடுத்து, மண்ணில் அமுக்கி, அந்தப் பள்ளத்தில் இரும்பை ஊற்றியிருக்கிறார்கள். பெயரும் வந்துவிட்டது, ஜெர்மனியும் வந்துவிட்டது, ஐந்து எம்எம்மும் நிஜமும்தான் வரவில்லை. முறிந்த முகத்தைப் பார்த்தேன். சர்க்கரையை உடைத்த மாதிரி பொரிபொரியாக, சாம்பல் நிறத்தில். அடித்துச் செய்த உருக்கு இப்படி உடையாது, அது நார் நாராக இழுபட்டு வளையும். வளையத்தின் உள்மூலையில் ஊசியை விட்டு நோண்டினேன், முலாமுக்கு அடியிலிருந்து ஒரு துளி கறுப்பு விரலுக்கு வந்தது. தேய்த்தேன். மணல். மோந்து பார்த்தேன், என்ன வாசம் வரப்போகிறது ஒரு துளியில், ஆனால் வந்தது, காது மடல் வாசம். சரி, மண் எல்லா ஊரிலும் மண்தான். பஞ்சாபிலும் ஊற்றலாம், சீனாவிலும் ஊற்றலாம். எங்கே ஊற்றினார்கள்?

பெட்டியை இன்னும் தூக்கிப் போட்டிருக்கமாட்டேன், நான் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. மேல் தட்டில், பழைய கேஸ்கெட் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். ஏணியை நகர்த்தும்போது ஏன் இப்படி மெதுவாக நகர்த்துகிறேன் என்று தோன்றியது. தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. மேலே போனால் பெட்டி இருக்கும், பெட்டியைப் பார்த்தால் திறந்தேனா இல்லையா என்பது தெரிந்துபோகும், தெரியாமல் இருக்கிற கடைசி ஐந்து நிமிஷம் இது. ஏணியின் நாலாவது படியில் நின்றுவிட்டேன். அங்கே நிற்கும்போதுதான் அந்த நாள் வந்தது. வரவழைத்தபோதெல்லாம் வராதது, ஏணியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாக நிற்கும்போது தானாக வந்தது. போன வருஷம் ஆகஸ்ட் மாசம். மார்பில் ஒரு கட்டி. பத்து நாளாக யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம்கூட இல்லை, ஆஸ்பத்திரியில் ஊசி விட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருந்தார்கள், ரிசல்ட்டுக்குப் போன் பண்ணுவோம் என்றார்கள். அன்று மூன்று மணிக்குப் போன் வந்தது. இதே மேஜையில் எடுத்தேன். ஒரு பெண் குரல், “ஒண்ணுமில்லம்மா, வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்படாதீங்க” என்றது. போனை வைத்தேன். டெலிவரிக்காரர் பெட்டியோடு நிற்கிறார். உலகத்தில் எல்லாமே நல்லதாக இருந்தது, அந்த ஆள் நல்ல ஆள், அந்தப் பெட்டி நல்ல பெட்டி, நீல டேப் எவ்வளவு அழகான நீலம். “வெச்சுட்டுப் போங்கண்ணா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து தாளில் கேட்டிருந்தாலும் ஐந்திலும் போட்டிருப்பேன். எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தேன், ஒரு நட்டு வாங்க வந்த யாரோ ஜன்னலில் நின்று, “என்ன மேடம், இன்னிக்குப் பாட்டெல்லாம் வருது?” என்று கேட்டார். யார் அது, யார் அது. ஏணியின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அல்போன்ஸ். இரண்டு கண்ணும் சிரிக்க நின்றார்.

மூன்று வாரமாக நான் பயத்திலோ அவசரத்திலோ திறக்காமல் விட்டிருப்பேன் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். பயத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும், அது சந்தோஷத்தில் அல்லவா இருந்திருக்கிறது. பயந்தவள் பத்துத் தடவை திறந்து பார்த்திருப்பாள். என் வாழ்க்கையிலேயே லேசாக இருந்த அந்த ஒரு மத்தியானத்தை நான் எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், தூக்கம் வராதபோது, பஸ்ஸில் நிற்கும்போது. அதன் அடியில் இந்தப் பெட்டி இருந்திருக்கிறது. ஏறினேன். பெட்டியை எடுத்துக் கீழே கொண்டுவந்தேன். உள்ளே இரண்டு ஸ்பேனர் எடுக்காமல் மிச்சம் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு, செய்தித்தாளில் சுற்றி. அவற்றுக்கு மேலே நம் கம்பெனிச் சீட்டு, சரக்கு வந்தவுடன் ஆபீஸிலிருந்து பெட்டியோடு அனுப்புவார்கள், திறந்து பார்க்கிறவர் அதை மூடியின் உட்புறம் ஒட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். பின்னால் யாரோ ராக்கில் மாட்டுவதற்காகத் திறந்தபோது அதை ஒட்டாமல் உள்ளே போட்டிருக்கிறார்கள். திறந்து பரிசோதித்தவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. வெள்ளை வெளேரென்று. அதை மடித்துப் பைக்குள் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. மடித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், மடித்தேன், நாலாக மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்தேன், வைத்த பிறகுதான் மற்ற வேலையைப் பார்த்தேன்.

செய்தித்தாளைப் பிரித்தால் வரவில்லை. ஸ்பேனரோடு ஒட்டியிருந்தது. மேலே பூசின வார்னிஷ் காயும் முன்பே சுற்றியிருக்கிறார்கள். பிய்த்து எடுத்தபோது தாள் வந்தது, எழுத்து வரவில்லை, எழுத்து ஸ்பேனரிலேயே தங்கிவிட்டது, இடம் வலம் மாறி. வெயில் பாளத்தில் பிடித்துத் திருப்பினேன். தமிழ். ஜெர்மனி என்ற எழுத்துக்கு மேலேயே குறுக்காகத் தமிழ். கைப்பையிலிருந்த பொட்டுக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன், கண்ணாடிக்குள் எழுத்துகள் நேராகி நின்றன. குடிநீர். இன்னும் கொஞ்சம் தள்ளி, சிங்காநல்லூர். பிய்ந்த தாளைச் சேர்த்துப் பார்த்தேன், நம் ஊர் மாலைப் பேப்பர், ஆகஸ்ட் பதினாலு. பெட்டி ஸ்டோர்ஸுக்கு வந்தது இருபத்திமூன்று என்று ரிஜிஸ்டர் சொல்கிறது. கடைக்காரர் பெட்டி மாற்றிக் கட்டியிருந்தால் தாள் சும்மா சுற்றியிருக்கும், இப்படி ஒட்டியிருக்காது. வார்னிஷ் ஈரமாக இருந்த இடத்தில் அன்றைய மாலைப் பேப்பர் இருந்திருக்கிறது. இந்த ஊரில்தான். சிவப்பு ஓடும் பாலமும் கையுறை போட்ட பெண்ணும் மெதுவாக, கோபமே இல்லாமல், கலைந்துபோனார்கள். அந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டகை வந்தது, அவிநாசி ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ உள்ளே தள்ளி ஒரு சந்தில், ஒருவேளை நான் தினம் போகிற பஸ்ஸின் ஜன்னலில் தெரிகிற கொட்டகை, அங்கே யாரோ வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் காயாத ஸ்பேனரைப் பேப்பரில் சுற்றுகிறார். அவருக்கும் அன்று ஏதாவது நல்ல சேதி வந்திருக்குமோ.

மணி மூன்றே முக்கால். அல்போன்ஸ் வீட்டு நம்பரைப் போட்டது எழுதுவதற்கு முன்னாலா பின்னாலா என்றால் முன்னால்தான். அவருடைய மனைவி ரீட்டா எடுத்தாள். “இருங்க மேடம், தர்றேன். அவருக்கே உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம், ரெண்டு நாளா சொல்லிட்டிருக்காரு.” போன் கை மாறுகிற சத்தம், கட்டில் கிரீச்சிடுகிற சத்தம்.

“மேடம், நான் பைப் போட்டேன்” என்றார் எடுத்தவுடன். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை. “போல்ட்டு அசையவே இல்ல. ஸ்பேனர் வால்ல ஒரு பைப்பைச் சொருகி இழுத்தேன். அப்படிப் பண்ணக் கூடாதுன்னு தெரியும். யார்கிட்டயும் சொல்லல, ரீட்டாகிட்டகூட. என் தப்புக்கு எதுக்கு நீங்கல்லாம் அலையறீங்க?”

“பைப் எல்லாரும்தான் போடறாங்க, அல்போன்ஸ். நல்ல ஸ்பேனர்னா வளைஞ்சிருக்கும். பைப் போட்டாலும் இப்படி ரெண்டா உடையாது. இது ஸ்பேனரே இல்ல. மண்ணுல ஊத்தினது.”

“ஜெர்மனின்னு போட்டிருந்துச்சே.”

“இங்கதான் செஞ்சிருக்காங்க. நம்ம ஊர்லதான்.”

அவர் வீட்டுப் பக்கம் எங்கோ ரயில் போகிற சத்தம் போனுக்குள் வந்து போயிற்று. “அப்ப என் கை மேல தப்பு இல்லையா மேடம்?” என்றார். மூன்று வாரமாக அவரும் ஒரு இடத்தைத் தடவிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். “உங்க கை மேல இல்ல” என்றேன். அதோடு வைத்திருக்கலாம். நல்ல சேதி சொன்னவளாக வைத்திருக்கலாம். “என் கை மேல இருக்கு, அல்போன்ஸ். அந்தப் பெட்டி வந்த அன்னைக்கு நான் திறந்து பார்க்கல. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.” பிறகு நிறுத்த முடியவில்லை, கட்டி, பத்து நாள், போன், ஒண்ணுமில்லம்மா, நீல டேப், எல்லாம் சொன்னேன். வீட்டுக்காரரிடமே இதுவரை முழுசாகச் சொல்லாததை. “அன்னைக்கு ஜன்னல்ல நின்னு பாட்டெல்லாம் வருதேன்னு கேட்டீங்க.”

“ஞாபகம் இருக்கு” என்றார். “நீங்க ஒண்ணும் சொல்லல. சிரிச்சீங்க.” பிறகு, “இப்ப உடம்பு நல்லாருக்குங்களா?”

“நல்லாருக்கு.”

“எனக்குக் கோவம் வரணும் மேடம். இப்ப வரல. நாளைக்கு வரும்னு நினைக்கிறேன்.”

“வரட்டும், அல்போன்ஸ். வந்தா வீட்டுக்கே வந்து திட்டுங்க.”

“பைப் போட்டதையும் எழுதிக்கங்க” என்றார். “எழுதறதுன்னா முழுசா எழுதுங்க.”

கைக்குட்டையைப் பிரித்து, சீட்டின் மடிப்பை நகத்தால் நீவிவிட்டு, காகிதத்தோடு சேர்த்துக் குத்தினேன். எழுதுவதற்கு அரை மணிகூட ஆகவில்லை. தயாரித்த இடம்: கோயம்புத்தூர் அல்லது அக்கம்பக்கம், செய்தவர் பெயர் தெரியவில்லை. ஸ்டோர்ஸ் சரக்குதான், ஃபிட்டரின் சொந்தச் சாமான் இல்லை. ஃபிட்டர் பைப் பயன்படுத்தினார், சரியான உருக்காக இருந்தால் அதற்கு முறிந்திருக்காது. சரக்கு வந்த அன்று பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, ரிஜிஸ்டரில் உள்ள கையெழுத்து என்னுடையது. இப்படியே, அலங்காரம் ஒன்றும் இல்லாமல். பிறகு ஒன்பதையும் இரண்டையும் சேர்த்துப் பதினொன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, எடுக்கக் கூடாது என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். வெயில் பாளம் மேஜையிலிருந்து இறங்கித் தரைக்குப் போய் அங்கிருந்து சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போகலாம். விசாரணையில் நிற்கவேண்டி வரலாம். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு காலையில் எழுந்து எங்கே போவது? பயம் இருந்தது, இருந்தும் அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, என் மேல் உட்காரவில்லை.

வெள்ளியங்கிரி சரியாக ஐந்து மணிக்கு வந்தார். வாசலில் நின்றபடியே கையை நீட்டினார். கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்ப மேலே போய், மறுபடி படித்தார். பிறகு உள்ளே வந்து, என் எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாக்கை அவிழ்க்கச் சொன்னார், ஒன்றை எடுத்து எழுத்தை விரலால் தடவினார், பருவைக் காட்டினேன், பொட்டுக் கண்ணாடியில் குடிநீரைக் காட்டினேன். நல்ல மனுஷர்தான், ஊரில் எல்லோரையும் போல அவருக்கும் மேலே ஒருத்தர் இருக்கிறார்.

“வேற காகிதம் இருக்குதுங்களா மரகதம்மா?” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

“இருக்குதுங்க சார். வேற எழுதறதுக்குத்தான் ஒண்ணும் இல்லைங்க.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார். “திங்கட்கிழமை நானே மேல பேசிக்கறேனுங்க” என்றார். என்ன பேசுவார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. “அதுக்கு முன்னால இது வெளிய போகவேண்டாம். அல்போன்ஸுக்கு எப்பச் சொல்றதுன்னு அப்புறம் பார்த்துக்கலாங்க.”

“சொல்லிட்டேனுங்க சார்” என்றேன்.